டன்னுக்கு ஒன்று புள்ளி இரண்டு நான்கு

காகித ஆலைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டபோது அவள் அலுவலகக் கழுவுதொட்டியில் சாப்பாட்டு டப்பாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். மனிதர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மேடம், நீங்க அனுப்பின அறிக்கையில நாப்பத்தோராம் பக்கம். சுண்ணாம்புத் தூசி, டன்னுக்கு ஒண்ணு புள்ளி ரெண்டு நாலு கிலோன்னு போட்டிருக்கீங்க. இந்த நம்பர் எங்கேருந்து வந்துச்சு?"

"தரவுத்தளத்துலேருந்து சார்."

"அதுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

அவள் குழாயை மூடினாள். ஒன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறாள். எண் பெரிதாக இருக்கிறது, குறைக்க வழியுண்டா என்று சண்டைக்கு வந்தவர்கள் ஏராளம். எண் இவ்வளவு சிறிதாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டது அன்றுதான்.

"போன வாரம் எங்களுக்குச் சுண்ணாம்பு தர்ற சூளைக்குப் போயிருந்தேன்" என்றார் அவர். "பத்து நிமிஷம்தான் நின்னேன். என் கருப்புக் காரு வெள்ளைக் காராயிடுச்சு. டன்னுக்கு ஒண்ணேகால் கிலோங்கறீங்க. அத்தனையும் என் வண்டி மேலேயே விழுந்துச்சா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். டப்பாவைத் துடைக்கும்போதுதான் மூடியை இரண்டாம் முறையாகத் துடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

அவள் வேலையைச் சொல்வது சுலபம், செய்வதுதான் கஷ்டம். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் கடைக்கு வந்து சேர்வதற்குள் எவ்வளவு மரம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நிலக்கரி, எந்த லாரியின் எவ்வளவு புகை என்று அதன் வழித்தடம் முழுவதையும் பின்னோக்கி நடந்து பார்த்து, கடைசியில் ஒரு பக்கக் கணக்காகத் தர வேண்டும். அலுவலகத்தில் அவளைத் 'தடம் அக்கா' என்று கூப்பிட்டார்கள். நடப்பதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான். காட்டையோ சுரங்கத்தையோ அவள் பார்த்தது கிடையாது. ஒவ்வொரு பொருளுக்கும் உலகத்தில் எங்கோ யாரோ அளந்து வைத்த எண் ஒன்று தரவுத்தளத்தில் இருக்கும். அதை எடுத்துப் பெருக்குவாள், கூட்டுவாள்.

சுண்ணாம்பு இல்லாமல் முக்கால்வாசிக் கணக்கு முடியாது. காகிதத்துக்கு வேண்டும், எஃகுக்கு வேண்டும், சர்க்கரையை வெளுக்க வேண்டும், சுவருக்கு வேண்டும். கல்லைச் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. சுடும்போது பறப்பது தூசி. சிறிய சூளைகளுக்கான தூசிக் கணக்கு, டன்னுக்கு ஒன்று புள்ளி இரண்டு நான்கு கிலோ. அந்தக் கட்டம் திரையில் வரும்போதெல்லாம் அவளுக்கு ஒரு கணம் கை நிற்கும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட அவளுடைய பையனின் எடை ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராம். காலையில் பிறந்தான், சாயங்காலம் நாலு மணிக்குப் போய்விட்டான். பெயர் வைக்கவில்லை. நர்ஸ் எடையை உரக்கச் சொல்லி இன்னொருத்தியை எழுதிக்கொள்ளச் சொன்னது மட்டும் காதில் தங்கிவிட்டது. எண்கள் ஒத்துப்போவது உலகத்தில் நடப்பதுதான், பஸ் நம்பரும் வீட்டு நம்பரும் ஒன்றாக வருவதில்லையா என்று தனக்கே சொல்லிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவாள். ஒன்பது வருடம் அப்படித்தான் போயிற்று.

ஆலைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் இப்போது அந்தக் கட்டத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. மூலத்தைத் தேடப் போனாள். தரவுத்தளம் ஓர் ஆய்வறிக்கையைக் காட்டியது. அந்த அறிக்கை இன்னொரு நாட்டுக் கையேட்டைக் காட்டியது. கையேடு மூன்று கட்டுரைகளைக் காட்டியது. மூன்றில் இரண்டு மறுபடியும் முதல் அறிக்கையையே காட்டின. கல்யாண வீட்டில் தொலைந்த செருப்பைத் தேடுகிற மாதிரி ஆளுக்கு ஆள் கையைக் காட்டினார்களே தவிர, நான் அளந்தேன் என்று சொல்ல ஒருவரையும் காணோம். நாலு நாள் சுற்றியபின் மூன்றாவது கட்டுரையின் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தின் பெயர் கிடைத்தது.

அது அவள் கணவர் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த இடம்.

புகைபோக்கிகளின் மேல் ஏறி, உள்ளே குழாயை விட்டுக் காற்றை உறிஞ்சி, அதில் எவ்வளவு தூசி, எவ்வளவு விஷம் என்று அளப்பது அவருடைய வேலை. நாலு வருடத்துக்கு முன்னால், காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. உயிரோடு இருந்தவரை இரண்டு பேருடைய வேலையையும் சேர்த்துக் கேலி பேசுவார். "நான் புகையில நின்னு அளக்கறேன், நீ நிழல்ல உக்காந்து கூட்டற. சம்பளம் மட்டும் உனக்கு ஜாஸ்தி." மூன்றாவது தசமத்தில் பிசகு என்று ஆய்வுக்கூடத்தின் தாளையே திருப்பி அனுப்புகிற ஆசாமி. கடையில் வாங்கிய காய்கறியை வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்ப்பார். கூடக் கொடுத்திருந்தாலும் திரும்பப் போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

அவர் கையால் அளந்ததாக இருக்குமோ என்று நினைத்தபோது அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கூடத்தின் பழைய காகிதங்களை இப்போது ஓர் ஆவணக் காப்பகம் வைத்திருந்தது. எழுதிக் கேட்டாள். பதினோராம் நாள் ஒரே ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார்கள்.

அவர் எழுத்துதான். ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போடுவார், அதுவும் இருந்தது. சூளையின் அடையாள எண், கல்லின் ஈரம், காற்றின் வேகம். மூன்று அளவீடுகள்: பத்தேகாலுக்கு 1.21, பதினொரு மணிக்கு 1.24, பதினொன்றே முக்காலுக்கு 1.27. சராசரி 1.24. கீழே கையெழுத்து, தேதி.

தேதியைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பக்கத்து மேசைப் பெண், "தடம் அக்கா, டீ ஆறுது" என்று இரண்டு தரம் சொன்னாள்.

பையன் பிறந்து, செத்த நாள் அது.

அன்று காலை பத்தேகாலுக்கு அவர் எந்தச் சூளையின் உச்சியிலும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பச்சைப் பெயிண்ட் அடித்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் உள்ளே வரும்போதும் போகும்போதும் கதவு திறக்கும். திறந்த ஒவ்வொரு தடவையும் படுத்தபடியே அவரைப் பார்த்தாள். ஒரு தடவை திறந்தபோது அவர் முழங்கால் மேல் அட்டையை வைத்துக் குனிந்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "அன்னைக்கு வெளிய உக்காந்து என்ன எழுதிட்டிருந்தீங்க?" அவர், "ஆபீஸ் வேலை" என்றார். அவ்வளவுதான். அவள் அதன்பிறகு கேட்கவில்லை. ஆனால் பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது ஆபீஸ் தாளை நிரப்பிக்கொண்டிருந்த மனுஷன் என்கிற நினைப்பு மட்டும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. சிரித்துப் பேசிக் குடித்தனம் நடத்தினார்கள், மகளை வளர்த்து ஆளாக்கினார்கள், வீடு மாற்றினார்கள். அவர் இருந்த பதினெட்டு வருடமும் அந்த முள்ளோடேயே நடந்து பழகிவிட்டாள். அவர் பையனைப் பற்றி வாயைத் திறந்ததே இல்லை. அதனால் அவருக்கு அழவே வராது என்று முடிவு கட்டியிருந்தாள்.

அன்றிலிருந்து அவளால் எதையும் நிம்மதியாகத் தொட முடியவில்லை. காலையில் சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்தால் அதில் சுண்ணாம்பு. பேருந்து மேம்பாலம் ஏறினால் அதன் கம்பியில் சுண்ணாம்பு. அலுவலகத்து வெள்ளைச் சுவர், ஒவ்வொரு தாளாகத் துப்பும் அச்சு இயந்திரம், மகள் வாங்கி வந்த வாழ்த்து அட்டை, எல்லாவற்றின் அடியிலும் அந்த எண் உட்கார்ந்திருந்தது. ஒன்பது வருடத்தில் எத்தனை அறிக்கையில் தன் கையாலேயே அதை வைத்துப் பெருக்கியிருப்பாள்? ஒரு டன்னுக்கு ஒரு பையன். பத்தாயிரம் டன்னுக்குப் பத்தாயிரம். பேருந்தில் யாரோ கைக்குழந்தையை மடி மாற்றி வைத்ததைப் பார்த்து, தன்னையறியாமல் எடை சொல்லிக்கொண்டிருந்ததை உணர்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பகல் வெளிச்சத்தில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவில் வருகிற பேய் இது. விளக்கைப் போட்டால் போகிற ரகம் இல்லை.

சனிக்கிழமை அவள் ஏணி அண்ணாவைப் பார்க்கப் போனாள். கணவர் புகைபோக்கி ஏறும்போதெல்லாம் கூடவே கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஏறியவர் அவர். ஓய்வு பெற்று, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஸ்டூலைத் தட்டிப் போட்டார்.

"என்ன தங்கச்சி, சைக்கிள் எதுவும் இல்லாம வந்திருக்க?"

அவள் தாளை நீட்டினாள். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தவர், முதல் வரியிலேயே அதைக் கழற்றிவிட்டார். கடைக்கு முன்னால் தலைகீழாக நின்ற சைக்கிளின் சக்கரத்தைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத யாரு உனக்குக் கொடுத்தா?"

"அண்ணா, அன்னைக்கு அவர் சூளைக்கு வரல. எனக்குத் தெரியும்."

"வரல" என்றார். "ரெண்டு நாள் முன்னாடி ரெண்டு பேரும் ஏறினோம். வடிகட்டித் துணி பூராக் கிழிஞ்சு கிடந்துச்சு. டன்னுக்கு ஒம்பது கிலோ கிட்ட வந்துச்சு தூசி. சூளைக்காரன் கெஞ்சினான், துணிய மாத்திடறேன், நாளக் கழிச்சு வந்து அளங்கன்னு. சார் சரின்னுட்டாரு. நியாயம்தானே. அந்த நாளக் கழிச்சுதான் உனக்கு வலி கண்டுருச்சு. நான் மட்டும் சூளை வாசல்ல நிக்கறேன். சார் இல்லாம நான் என்னத்த அளக்கறது? ஆபீசுக்குப் போன் பண்ணினா, சாயந்திரத்துக்குள்ள தாள் வந்தாகணும், வெளியூர்க்காரங்க காத்திருக்காங்கன்னு கத்தறாங்க. தாளத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். இன்னைக்கு முடியாதுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவாருன்னுதான் நெனச்சேன்."

அவள் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர் அப்பதான் வெளிய வந்து சொல்லிட்டுப் போயிருக்காரு. ஆயிரத்தி இருநூறுக்கு மேல இருக்கறதால நம்பிக்கை இருக்கு, எடை மட்டும் ஏறினாப் போதும்னு. சார் அதையே சொல்லிக்கிட்டிருந்தாரு. எங்கிட்ட சொன்னாரு, அந்தப் பக்கமாப் பெருக்க வந்த அம்மாகிட்ட சொன்னாரு. ஆயிரத்தி இருநூத்தி நாப்பதுய்யா, இருநூறுக்கு மேலய்யான்னு. நான் தாள நீட்டினேன். வாங்கி மடியில வெச்சாரு. அவர் பாட்டுக்கு எழுதினாரு. நான் எட்டிப் பாத்தேன். இதென்ன சார், மூணும் வரிசையா ஏறிக்கிட்டே போகுதேன்னு கேட்டேன். நெசமா அளந்தா அப்படி வராது தங்கச்சி, முன்ன பின்னதான் வரும்."

"அவர் என்ன சொன்னாரு?"

"'ஏறட்டும்யா'ன்னாரு."

தெருவில் யாரோ மணியடித்துக்கொண்டு போனார்கள். பையன் போனபின் பதினெட்டு வருடம் கூடவே இருந்து, ஒரே கட்டிலில் படுத்த மனிதரை அவள் ஒரு கதவிடுக்கு வழியாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்பறம் நாலஞ்சு தடவ சொன்னாரு, மறுபடி போயி நெசமா அளந்து அந்தத் தாள மாத்தணும்யான்னு. முடிஞ்சுபோன வேலைக்கு ஆபீஸ்ல வண்டி தருவாங்களா? விட்டுப்போச்சு. சுண்ணாம்பு லாரி எதிர்ல வந்தா மட்டும் முகத்தத் திருப்பிக்குவாரு." அவர் தாளை மடித்து அவளிடமே கொடுத்தார். "எங்கயோ பீரோவுக்குள்ள கிடக்கிற தாளு. இத இப்ப ஏம்மா தோண்டற?"

எங்கேயோ பீரோவுக்குள் கிடக்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து அந்த மூன்று கட்டுரைகளையும் மறுபடி எடுத்து, இந்தத் தடவை எண்ணுக்குப் பின்னால் வருகிற வரிகளையும் படித்தாள். 'சிறிய சூளைகளின் தூசி மிகக் குறைவாக இருப்பதால் அவற்றுக்கு வடிகட்டி கட்டாயமில்லை.' 'தொழிலாளர் பாதுகாப்புத் திட்டத்தில் இவ்வகைச் சூளைகளுக்கு முன்னுரிமை தேவைப்படவில்லை.' அழகான, அடக்கமான வாக்கியங்கள். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் அந்தப் பெஞ்சில் எழுதப்பட்ட தாளை நம்பினார்கள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். தம்பி பிறந்தபோது அவளுக்கு ஐந்து வயது. சமையலறையில் நின்றுகொண்டே அம்மா சொன்னதையெல்லாம் கேட்டாள். கேட்டு முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தாளை மேசையில் விரித்து, அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள். எழுதப் பழகும் குழந்தை மாதிரி ஒன்று, புள்ளி, இரண்டு, நான்கு என்று தடவினாள்.

"அப்பா இவன எங்கயாவது எழுதி வெச்சிருக்காருன்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா. ஒரு போட்டோகூட இல்லையே நம்மகிட்ட."

"ம்."

"நீ இத மாத்திட்டேன்னா?"

"மாத்திட்டா இதுவும் இருக்காது."

மகள் விரலை எண்ணின் மேலிருந்து எடுத்தாள். "சூளையில யாரும்மா வேலை பாக்கறாங்க?" என்று கேட்டாள்.

"தெரியாது. நான் எந்தச் சூளைக்குப் போனேன்?"

மகள் எழுந்து பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். வழக்கமாக லொடலொடவென்று சத்தம் போட்டுத் தேய்ப்பவள், அன்று ஒவ்வொன்றாக மெதுவாகக் கவிழ்த்தாள்.

அலுவலகத்தில் அவளுடைய மேலாளருக்கு 'ஏறக்குறைய' என்று பெயர். எதற்கும் அந்தச் சொல்லைப் போடாமல் பேசமாட்டார். மனைவி எப்படி இருக்கிறார் என்று கேட்டால்கூட, ஏறக்குறைய நல்லா இருக்காங்க என்பார். கெட்டவர் இல்லை. அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். பையனைப் பற்றி மட்டும் அவள் சொல்லவில்லை. தாளில் இருப்பது தன் கணவரின் கையெழுத்து, ஆனால் அளவீடு நடக்கவில்லை, அவ்வளவுதான் சொன்னாள்.

"மேடம், அந்த நம்பர் ஏறக்குறைய நாலாயிரம் அறிக்கையில இருக்கு. நம்மளோடது மட்டும். மத்தவங்க எத்தனையோ. எடுத்துட்டா அத்தனையும் நிக்கும்."

"நிக்கட்டும் சார்."

"ஒண்ணு பண்ணலாம். வேற நாட்டு நம்பர் ரெண்டு மூணு எடுத்து சராசரி போட்டு, வருஷக் கடைசித் திருத்தத்தோட சேர்த்துச் சத்தமில்லாம மாத்திடலாம். காரணம்கற இடத்துல 'புதிய தரவு'ன்னு போட்டாப் போதும். ஏறக்குறைய உண்மைதானே அது? உங்க வீட்டுக்காரர் பேரும் வெளிய வராது." கடைசி வாக்கியத்தை அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அதில் நிஜமான அக்கறை இருந்தது. அதுதான் அவளைத் தடுமாற வைத்தது.

அந்த வழி அவளுக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இடத்துக்குத் திரும்பி வந்து திருத்தப் படிவத்தைத் திறந்து 'புதிய தரவு' என்று தட்டெழுதிவிட்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவருக்கும் நஷ்டமில்லை. அவருடைய பெயர் பெயராகவே இருக்கும். மூன்றாவது தசமத்துக்குச் சண்டை போட்டவர் என்றே எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அவர் ஆசைப்பட்டது அது இல்லை என்பது இப்போது அவளுக்குத் தெரியும். நாலைந்து தடவை கேட்டிருக்கிறார், வண்டிதான் கிடைக்கவில்லை.

தட்டியதை அழித்துவிட்டு எழுதினாள்: 'இந்த அளவீடு நடக்கவில்லை. அளந்தவராகக் கையெழுத்திட்டவர் அன்று சூளைக்குப் போகவில்லை. எனக்குத் தெரியும், அன்று முழுவதும் அவர் ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தார்.'

'என்னோடு' என்கிற சொல்லை அவள் ஒரு தடவை எடுத்தாள். பிறகு திரும்பப் போட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அது சரியான சொல்லாகத் தெரிந்தது.

படிவம் போன மூன்றாம் நாள் அந்தக் கட்டம் காலியாயிற்று. எண் இருந்த இடத்தில் ஒரு சிறிய கோடு. அவள் எதிர்பார்த்த மாதிரி நெஞ்சு வெடித்துவிடவில்லை. ஆனால் அந்தக் கோட்டின் மேல் சுட்டியை வைத்து வைத்து எடுத்தாள். தொலைபேசி ஓயாமல் அடித்தது. 'ஏறக்குறைய' இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "அளக்கற ஆளுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன். அதே சூளை இன்னும் ஓடுதாம். வேணும்னா நீங்களும் போய்ட்டு வாங்க" என்றார். ஏறக்குறைய போடவில்லை.

சூளை ஊருக்கு வெளியே இருந்தது. போகிற வழியில் கடைசி இரண்டு மைலுக்குச் செடிகள் நிறம் மாறிக்கொண்டே வந்து, வாசலில் மாவு பூசிய மாதிரி நின்றன. கல்லும் கரியும் மேலிருந்து கொட்டுகிறார்கள், கீழே வெந்த சுண்ணாம்பை வாரி எடுக்கிறார்கள். வாருகிறவர்கள் பன்னிரண்டு பேர், பாதிக்கு மேல் பெண்கள். முகத்தைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள், கண் மட்டும் தெரிந்தது. கண்ணின் வெள்ளை சிவந்திருந்தது, அவர்களிடம் இருந்த ஒரே நிறம் அதுதான். நிழலில் ஓய்வெடுத்த ஒருத்தி கையில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"வேர்வையோட சேர்ந்தா எரியும்மா, அதான்" என்றாள் அவளாகவே. "தண்ணி மட்டும் ஊத்திடக் கூடாது. மொதல்ல உதறணும், அப்பறம் எண்ணெய். புதுசா வர்றவங்க தெரியாம முகம் கழுவிட்டுக் கத்துவாங்க." பிறகு புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: "மேல ஏறி என்னத்தப் பாக்கப் போறீங்க?"

"தூசி எவ்வளவு வருதுன்னு அளக்கறோம்."

அந்தப் பெண் முகத்துத் துணிக்குள் சிரித்தது குலுங்கிய தோளில் தெரிந்தது. "எங்களக் கேட்டா சொல்ல மாட்டோமா?"

அவளும் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று. இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது. அவள் எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எத்தன வருஷமா இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"கல்யாணம் ஆன வருஷத்துலேருந்து. இருபது இருபத்தஞ்சு இருக்கும்."

"முன்னாடி இங்க யாராவது அளக்க வந்தாங்களா?"

"ரெண்டு பேரு வந்தாங்க ஒரு தடவ. ரொம்ப நாளாச்சு. உசரமா ஒருத்தரு. இறங்கி வந்து எங்க எல்லாரையும் துணி இன்னும் ரெண்டு மடிப்பா கட்டுங்கன்னு சத்தம் போட்டாரு. மறுபடி வர்றேன்னாரு. வரல."

அளக்கிறவர் மேலேயிருந்து, கருவி தயார் என்று கத்தினார். ஐம்பதைத் தாண்டியவர், தடித்த உடம்பு, புகைபோக்கிகளின் இரைச்சலில் காது பாதி போயிருந்தது. எதையும் உரக்கவே சொன்னார். இவள் ஏறுவாள் என்று அவர் நினைக்கவில்லை போலும், கீழேயே நில்லுங்க என்று சைகை காட்டினார். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் காலை வைத்தாள். ஐம்பத்தொரு வயது முழங்கால் ஒவ்வொரு படியிலும் முனகியது. பாதி வழியில் கீழே பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஏணியின் கம்பி சூடாக இருந்தது. இருபத்தாறு வருடம் அவர் இதைச் செய்துவிட்டுத்தான் சாயங்காலம் காது மடலெல்லாம் கரியாக வீட்டுக்கு வந்து, காய்கறியை நிறுத்துப் பார்த்தார்.

மேலே ஆள் நிற்கும் அகலத்துக்கு ஒரு இரும்புத் தட்டு. புகைபோக்கியின் பக்கவாட்டில் ஒரு துளை, அதற்குள் நீளமான குழாய் போயிருந்தது. அதன் முனையில் ஒரு டப்பா, டப்பாவுக்குள் வட்டமான காகிதம். காற்றை உறிஞ்சினால் தூசி அந்தக் காகிதத்தில் தங்கும்; முன்னாலும் பின்னாலும் நிறுத்துப் பார்த்தால் வித்தியாசம்தான் கணக்கு. இவ்வளவுதான் விஷயம். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் நின்றார்கள். பம்பு உறுமியது. அவள் தலைமுடி, புருவம், கைக்கடிகாரத்தின் கண்ணாடி எல்லாம் மெல்ல மெல்ல வெளுத்தன. கீழே வாருகிறவர்கள் சின்னச் சின்னதாக, சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

நேரம் முடிந்ததும் அவர் பம்பை நிறுத்தி, டப்பாவைத் திருகித் திறந்து, இடுக்கியால் காகிதத்தை வெளியே எடுத்தார். அவள் குனிந்து பார்த்தாள். வெள்ளைக் காகிதத்தின் மேல் வெள்ளைத் தூசி. புதுக் காகிதம் போலவே இருந்தது.

"ஒண்ணுமே தெரியலயே" என்றாள்.

"என்னது?"

"ஒண்ணுமே தெரியலயேன்னேன்."

"கண்ணுக்குத் தெரியாது. தராசுக்குத் தெரியும்" என்று அவர் கத்தினார். "இந்தாங்க, இப்படிப் பிடிங்க, நான் பெட்டியத் திறக்கறேன். நேரா பிடிங்க. மூச்சு மட்டும் விடாதீங்க மேடம், பறந்துரும்."

அவள் இரண்டு கையையும் குவித்து, அந்த இடுக்கியை நடுங்காமல் பிடித்துக்கொண்டாள். அவர் பெட்டியின் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காற்று ஒரு நொடி ஓய்ந்திருந்தது. முகத்துக்கு நேராக, எடையே இல்லாதது போல நின்ற அந்த வெண்மையைப் பார்த்தபடி, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.